ஊரவையில் உங்கள் இடம்



நாட்டு நிர்மாணத்தில் இளைஞர் பங்கு என்னும் பொருள் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, எனக்கு மகிழ்ச்சியோடு சிறிது கூச்சமும் உண்டாயிற்று. நான் 33 ஆண்டுகள் ஆசிரியனாகப் பணியாற்றியவன். அவற்றுள் இறுதி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியன். இதே தலைப்பில் மாணவர்களை நான் எழுதச் சொன்ன கட்டுரைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல இயலாது. இன்றைய இளைஞரே நாளைய தலைவர் என்று அவை தொடங்கும். ஆகவே இளைஞர் நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்று முடியும். பத்துக்கு ஏழு, எட்டு என்று அவற்றுக்கு மதிப்பெண் இட்டவனும் நானே. ஆனால், நாளைக் காலையில் எழுந்து எங்கே செல்வது, யாரைப் பார்ப்பது, என்ன செய்வது என்று அவற்றுள் ஒரு கட்டுரையேனும் சொல்லிற்றா என்று கேட்டால், இல்லை என்றுதான் விடை கூற வேண்டும். அக்குறை எழுதிய பிள்ளைகளுடையதன்று, எழுதச் சொன்னவனுடையது.

ஆதலின் இன்று நாடு முழுவதையும் பற்றி நான் பேசப் போவதில்லை. உங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேசுவேன். அவ்விடத்தில் உங்களுக்கென்று ஓர் இருக்கை சட்டத்தால் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்களுள் பெரும்பாலோர் அதில் ஒரு நாளும் சென்று அமர்ந்திருக்க மாட்டீர்கள். அவ்விடம் கிராம சபை. அதனை ஊரவை என்றும் கூறலாம்.

இதனை நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பில் குடிமையியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊராட்சி, அதன் கடமைகள், கிராம சபை கூடும் நாட்கள் ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி, "இவை தேர்வுக்கு வரும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். முன் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, நம் ஊரில் கிராம சபை எங்கே நடக்கும்? நீங்கள் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். கேள்வியில் சிறிதும் குறும்பு இல்லை; உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். நான் பிறந்து வளர்ந்து வேலை பார்த்ததும் அதே ஊர்தான். ஆண்டுக்கு நான்கு முறை, குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் அக்கூட்டம் நடப்பதை நானே கரும்பலகையில் எழுதியிருந்தேன். ஆயினும் ஒருமுறைகூட நான் போனதில்லை. "இல்லையம்மா" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு தொடர்ந்தது. ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் எளிதில் வரவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளாக நான் கற்பித்துவந்தது குடிமையா, குடிமையைப் பற்றிய விடைகளா என்ற ஐயம் என்னை வருத்தியது.

அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று, பள்ளியில் கொடியேற்றி முடித்தபின் கூட்டத்துக்குச் சென்றேன். ஊராட்சி அலுவலகத்தின் முன்னுள்ள வேப்பமரத்தடியில் ஏறத்தாழ எழுபது பேர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் பலர் ஊரக வேலைத்திட்டத்தில் பணிபுரிந்த பெண்கள். வந்தவர்களிடம் ஒரு நோட்டில் கையொப்பம் வாங்கினார்கள். தீர்மானங்கள் விரைவாகப் படிக்கப்பட்டன. யாரும் கேள்வி கேட்கவில்லை. நாற்பது நிமிடங்களில் கூட்டம் முடிந்தது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர் ஒருவரையும் நான் அங்கே காணவில்லை. நானும் கையொப்பமிட்டேன், வாய் திறவாமல் வீடு திரும்பினேன். அடுத்த நாள் வகுப்பில் நடந்ததை நடந்தவாறே மாணவர்களிடம் சொன்னேன். பேசாமல் வந்ததையும் மறைக்கவில்லை.

கிராம சபை என்பது யாது என்பதை இனித் தெளிவாகப் பார்ப்போம். நமது அரசியலமைப்பில் 73ஆம் திருத்தம் 1992இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டித் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்துள்ள அனைவரும் சேர்ந்ததே கிராம சபை என்று அரசியலமைப்பு கூறுகிறது. இச்சொற்களைச் சற்று நின்று கவனியுங்கள். ஊராட்சி மன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கிறோம். கிராம சபைக்கு யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அங்கே நமக்காகப் பேச இன்னொருவர் செல்வதில்லை, நாமே உறுப்பினர். பதினெட்டு வயது நிறைந்து பட்டியலில் பெயர் ஏறிய அன்றே, அழைப்பிதழும் பரிந்துரையும் இன்றி, அந்த அவையில் நீங்கள் இடம் பெற்றுவிடுகிறீர்கள். எழுபது வயது நிலக்கிழாருக்கு அங்கே எத்துணை உரிமை உண்டோ, அத்துணை உரிமை பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் உண்டு.

அந்த அவைக்கு வெறும் பார்வையாளர் வேலையன்று. ஊராட்சியின் ஆண்டுத் திட்டமும் வரவு செலவுத் திட்டமும் அதன் ஒப்புதலுக்கு வர வேண்டும். தணிக்கை அறிக்கை அதன்முன் வைக்கப்பட வேண்டும். நடைபெறும் பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்வதும் அதன் கடமை. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மத்திய மாநில அரசுகளின் நிதிக்குழு மானியங்கள் என ஊராட்சிக்கு வரும் பணம் எவ்வாறு செலவாயிற்று என்று கேட்கும் உரிமை, அவையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் வந்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ப அவ்வெண்ணிக்கை 50 முதல் 300 வரை அமையும். தமிழ்நாட்டில் முன்பு நான்காக இருந்த கூட்ட நாட்கள் 2022இல் ஆறாக உயர்ந்தன. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகிய இரண்டும் அப்போது சேர்க்கப்பட்டன.

எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது. மாணவர்களை அங்கே பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தை அவை விரிவாகக் கூறுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கினர். ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம் என்று பணிகளைப் பகுத்தனர். பதவிக் காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குக் காட்டுதலை நம் முன்னோர் இத்துணைக் கண்டிப்பாக வற்புறுத்தினர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியே.

ஆயினும் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அச்சபையில் எல்லார்க்கும் இடம் இருக்கவில்லை. அது அந்தணர் ஊரின் சபை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூற் கல்வியும் உடைய ஆடவர்க்கே அத்தகுதி உண்டு. பெண்களுக்கு இடமில்லை, நிலமற்ற உழைப்பாளிகளுக்கு இடமில்லை. வயது வரம்பும் இருந்தது; இரண்டாம் கல்வெட்டின்படி 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல் வேண்டும். அப்படியாயின் இளையோர்க்கு அங்கே வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு வேலை இருந்தது. குடத்துள் கைவிட்டு ஓலையை எடுப்பதற்கு, உள்ளே எழுதியிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனை அழைத்தார்கள். எழுத்தைப் பற்றி ஒன்றும் அறியாதிருப்பதே அவனுடைய தகுதி. கல்வெட்டின் முன் நிற்கும்போதெல்லாம் அச்சிறுவனை நான் நினைத்துக்கொள்வதுண்டு. அன்று இளைஞனின் கை மட்டும் அவைக்கு வேண்டியிருந்தது. அவனுடைய அறிவும் குரலும் வேண்டியிருக்கவில்லை. இன்று உங்கள் அறிவையும் குரலையும் சட்டம் அழைக்கிறது. அந்த மாற்றத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குரல் இருக்க வேண்டுமாயின் முதலில் பெயர் இருக்க வேண்டும். 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தல் நடைபெற்றது. ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள் பட்டியலில் இருந்தனர். பட்டியல் தயாரித்தபோது, குறிப்பாக வட மாநிலங்களில், பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிந்துகொள்ளச் சொன்னார்கள். அவ்வாறு பதிவது கூடாது என்று தேர்தல் ஆணையம் முடிவு செய்தது. இறுதிவரை சொந்தப் பெயரைத் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. வாக்குரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆனால் பெயர் பதியாமையால் அது பயன்படாமற் போயிற்று. அந்தப் பெண்களுக்குத் தடையாக நின்றது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இன்று கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞர் தம் பெயரைப் பதியாமல் இருந்தால், அதற்கு என்ன காரணம் சொல்வது?

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில் வாக்குரிமைக்குரிய வயது 21. அரசியலமைப்பின் 61ஆம் திருத்தம் அதனை 18ஆகக் குறைத்தது. 1989 மார்ச் 28 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் பதினெட்டு வயதினர் முதன்முதலாக நாடு தழுவிய அளவில் வாக்களித்தனர். முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சில நாள் குறைந்தாலும் ஓராண்டு காத்திருக்க நேரும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாளாகக் கொள்ளப்படுகிறது. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே படிவம் 6ஐ நிரப்பித் தரலாம். இது பத்து நிமிட வேலை. இதனை நாட்டுப் பணி என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். கதவைத் திறக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாதல்லவா?

நுழைந்தபின் என்ன செய்வது? இதற்கு என் ஊரில் நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றையே விடையாகத் தருகிறேன்.

எங்கள் ஊரில் நூலகக் கட்டடம் ஒன்று பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. கூரை ஒழுகியது, அலமாரிகளில் கரையான் ஏறியிருந்தது. அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள், படிக்க இடம் தேடி நாள்தோறும் பேருந்தில் நகரத்துக்குச் சென்று வந்தார்கள். 2022 அக்டோபர் 2 அன்று கிராம சபைக்கு இளைஞர்கள் ஆறு பேர் வந்தனர். அவர்களுள் ஒருத்தி, பத்தாண்டுகளுக்கு முன் என்னைக் கேள்வி கேட்ட அதே மாணவி. பட்டம் பெற்றுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் இடையில் ஓர் இளைஞன் எழுந்து, நூலகத்தை ஏன் திறக்கவில்லை என்று உரத்த குரலில் கேட்டான். "இத்தனை ஆண்டுகளாக எல்லாரும் உறங்குகிறீர்களா?" என்றும் சொல்லிவிட்டான். பெரியவர்களுக்குச் சினம் வந்தது. "அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறாயா, தம்பி?" என்று ஒருவர் கேட்க, பலர் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

அன்று மாலை அறுவரும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். இனி இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை என்பது அவர்கள் முடிவு. நான் ஒன்றே கேட்டேன்: "நீங்கள் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா?" யாரும் பார்க்கவில்லை. "எழுதித் தந்தீர்களா?" தரவில்லை. நான் அறிவுரை கூறவில்லை. கூறத் தகுதியும் இல்லை, ஏனெனில் நானும் அன்று வாய் மூடித்தான் அமர்ந்திருந்தேன். அம்மாணவியே, "எழுதாதது நடக்காததுதான், ஐயா" என்றாள்.

அடுத்த ஒரு மாதம் அவர்கள் செய்த வேலைதான் நான் பாராட்டுவது. சாவியை வாங்கி உள்ளே சென்று பார்த்தார்கள். படிக்கத்தக்க நூல்களையும் பழுதானவற்றையும் தனித்தனியே பட்டியலிட்டனர். ஊரில் தேர்வுக்குப் படிப்போர் எத்தனை பேர் என்று தெருத் தெருவாகக் கேட்டு எழுதினர். கொத்தனார் ஒருவரை அழைத்து வந்து கூரைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டறிந்தனர். நவம்பர் 1ஆம் நாள் கூட்டத்தில் ஒரு பக்க விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் மூன்று கோரிக்கைகள் இருந்தன: கூரைப் பழுது நீக்கம், மின் இணைப்பு, திறக்கும் நேரம். நான்காவதாக ஒரு பொறுப்பேற்பும் இருந்தது. மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை, நாளொன்றுக்கு இருவராக முறை வைத்து, நூலகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தனர்.

அந்த நான்காவது பகுதி படிக்கப்பட்டபோது கூட்டத்தின் முகமே மாறியதை நான் கண்டேன். வயல் வேலைக்குச் செல்லும் மூதாட்டி ஒருவர் எழுந்து, "பிள்ளைகள் படிக்கத்தானே கேட்கிறார்கள், விளக்குப் போட்டுக் கொடுங்கள்" என்றார். கைகள் உயர்ந்தன. தீர்மானம் எழுதப்பட்டது. எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே அறுவரும் அமர்ந்தனர்.

அத்துடன் எல்லாம் நடந்துவிடவில்லை. 2023 ஜனவரி 26 அன்று, தீர்மானம் என்னவாயிற்று என்று அமைதியாகக் கேட்டார்கள். வேலை தொடங்கவில்லை. குடிநீர் மோட்டார் பழுதாகி, இருந்த பணம் அதற்குச் செலவாயிற்று என்று விடை வந்தது. அவர்கள் செலவுச் சீட்டைப் பார்க்க விரும்பினர், காட்டப்பட்டது. பார்த்துவிட்டு அந்த இளைஞன், முன்பு உரக்கப் பேசியவன், "தண்ணீர்தான் முதலில், சரிதான்" என்றான். குடிமைக் கல்வியில் இதைவிடச் சிறந்த பாடம் ஒன்றை நான் வகுப்பில் நடத்தியதில்லை. கணக்குக் கேட்பது குற்றம் காண்பதற்காக மட்டுமன்று. நிர்வாகத்தின் இடர்ப்பாடு எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளவும் கணக்கே வழி. கணக்கைப் பார்த்தவன் வீணே ஐயுறமாட்டான். வீணே நம்பவும் மாட்டான். மார்ச் 22ஆம் நாள் கூட்டத்தின்போது கூரை வேலை முடிந்திருந்தது. கோடை விடுமுறையில் நூலகத்தில் விளக்கு எரிந்தது.

இக்கதையை இங்கேயே நிறுத்தினால் அது இனிமையாக இருக்கும், ஆனால் முழுமையாகாது. ஓராண்டுக்குள் அறுவரில் மூவர் தொழிற்சாலை வேலைக்கு வெளியூர் சென்றனர். முறை வைத்த அட்டவணை குலைந்தது. சில மாலைகளில் இப்போதும் கதவு பூட்டியே இருக்கிறது. அந்நாட்களில் நானே சென்று திறப்பதுண்டு. புதிதாக இரண்டு மாணவிகள் பொறுப்பேற்றுள்ளனர். அவர்களும் ஒரு நாள் செல்வார்கள். பொதுப்பணி என்பது ஒருமுறை கட்டி முடித்துவிடும் சுவரன்று, ஏரிக்கரையைப் போன்றது. ஆண்டுதோறும் மண் இட வேண்டும். இடுகிற கைகள் மாறிக்கொண்டே இருக்கும். நாட்டு நிர்மாணம் என்ற பெரிய சொல்லுக்கு நான் கண்ட பொருள் இவ்வளவே.

படிக்கிற வயதில் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு என்று உங்கள் பெற்றோர் வினவக்கூடும். அக்கவலை நியாயமானது. கட்சிக் கொடியைத் தூக்கிக்கொண்டு படிப்பை விட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊரவைக்குச் செல்வது அத்தகையதன்று. ஆண்டில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பார்க்கும் பொழுதைவிடக் குறைவு. அங்கே உட்காருவதற்குக் கட்சி வேண்டாம். கண்ணும் காதும் ஒரு நோட்டும் போதும்.

பதினெட்டு நிறையாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உறுப்பினராகும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் எத்தனை குழாய்களில் தண்ணீர் வருகிறது, எத்தனை விளக்குகள் எரிகின்றன, மழைநீர் வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைக் கணக்கெடுங்கள். எழுத்தறியாத பாட்டிக்கு ஊராட்சியின் அறிவிப்பைப் படித்துச் சொல்லுங்கள். முன்பு இந்நாட்டில் எழுத்தறிவு இயக்கங்கள் நடந்தபோது, மாலை வேளைகளில் ஊதியமின்றிக் கற்பித்தவர்களுள் மிகப் பலர் மாணவர்களும் இளைஞர்களுமே. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்துத் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுத் தந்து புகழ் பெற்றது. கல்லூரி மாணவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு அது தொடங்கிற்று. அதன் முகாமில் ஏழு நாள் குளம் தூர்வாருவது நன்று. அக்குளத்துக்கு வரும் நீர்வழி அடுத்த ஆண்டும் திறந்திருக்கிறதா என்று கேட்க எட்டாம் நாளும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

நகரத்தில் வாழும் மாணவர்கள், இது கிராமத்தார்க்குரிய பேச்சு என்று கருத வேண்டாம். தமிழ்நாட்டின் நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபைகள் கூட்டப்பெறுகின்றன. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி அரசு அலுவலகம் எதனிடமிருந்தும் தகவல் கேட்கலாம். பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது விதி. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கேள்வி தெளிவாக இருக்கட்டும், சொல் பணிவாக இருக்கட்டும், எழுத்தில் இருக்கட்டும். கேட்பவன், தான் செய்யப்போவதையும் சேர்த்தே சொல்லட்டும்.

தேர்தலில் நின்று பொறுப்பேற்க விரும்புவோர்க்கும் வழி திறந்தே உள்ளது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயது நிறைந்திருக்க வேண்டும். ஊராட்சிக்கோ 21 வயது போதும். ஆனால் பதவிக்கு முன்னர் மூன்று ஆண்டுகள் அவையில் அமர்ந்து கேட்டுப் பழகியவரே நல்ல உறுப்பினராவார் என்பது என் கருத்து.

நிறைவாக ஒரு செய்தி. என்னைக் கேள்வி கேட்ட அம்மாணவி, பின்னர்த் திருமணமாகி வேறொரு மாவட்டத்துக்குச் சென்றாள். சில மாதங்களுக்குப் பின் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரித்தபின், "ஐயா, படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் என் பெயரை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டேன். போன வாரம் இங்கே கிராம சபைக்குப் போனேன். என் வயதில் நான் ஒருத்திதான்" என்றாள். "பேசினாயா, அம்மா?" என்று கேட்டேன். "இந்த முறை பேசவில்லை, ஐயா. தீர்மானப் புத்தகத்தை மட்டும் பார்க்கக் கேட்டேன், காட்டினார்கள்" என்றாள்.

பெயர் சொல்லத் தயங்கிய பெண்களின் நாடு இது. இன்று அதே நாட்டில், புகுந்த ஊருக்குச் சென்ற ஒரு பெண் தன் பெயரைத் தானே எழுதித் தந்து, ஊர்க் கணக்கைப் பார்க்கக் கேட்கிறாள். அவள் அருகில் இடம் காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டம் நடக்கும் நாளை இன்றே உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். "நீங்கள் போயிருக்கிறீர்களா?" என்று பின்னொரு நாள் ஒரு சிறுமி உங்களைக் கேட்பாள். என்னைப் போல் நீங்களும் தலை கவிழ்ந்து நிற்க வேண்டாம்.